சோளத்தின் சுற்றுவழி

ஹபரணையிலிருந்து திருகோணமலைக்கு வரும் வீதியோரத்தில் அவித்து விற்கப்படும் சோளப்பொத்தியைப் பேருந்து யன்னலூடாகக் கண்டு முகஞ்சுழிக்கும் நாகரிகர், துறைமுக நகரின் குளிரூட்டிய கடையில் அதே தானியத்தை முக்கோணத் துண்டுகளாகப் பளபளக்கும் பையில் கண்டதும் காசை எண்ணாமல் நீட்டுவது ஆய்வுக்குரியது. டோர்ட்டியா சிப்ஸ் எனப்படும் இப்பண்டம், சோளமணிகளைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்டு, தோல் கழற்றி அரைத்து, மெல்லிய அடையாக வாட்டிப் பின் எண்ணெயில் பொரித்துச் செய்யப்படுவது. மெக்சிக்கோவின் தொல்குடியினர் கண்ட இச்சுண்ணாம்புப் பக்குவம், சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தை உடல் ஏற்கும்படி விடுவிக்கிறது (சுண்ணாம்பை வெற்றிலைக்கு மட்டுமே ஒதுக்கியோர் வருந்தலாம்). டோரிட்டோஸ் என்ற வணிகப் பெயரில் இது 1966இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. அதன்பின் தூவப்பட்ட பாற்கட்டித் தூளும் மிளகாய்த் தூளும் சோளத்தின் சுவையைச் சோளத்திடமிருந்தே காப்பாற்றிவிட்டன. துண்டுகள் நொறுங்காமலும் எண்ணெய் சிக்கடிக்காமலும் இருக்கப் பையில் நைதரசன் என்னும் வாயு நிரப்பப்படுகிறது. அவ்வாயு திருகோணமலைக் கடற்காற்றில் ஏறத்தாழ 78 சதவீதம் இலவசமாகவே உள்ளது.