செப்டிக் டேங்க் ஓரத்துச் சொத்து

எங்கள் வீட்டில் நான் நட்டது எதுவும் பிழைத்த சரித்திரம் இல்லை. நடாமல் வந்தது மட்டும் ஜம்மென்று வளரும். குளியலறைச் சுவருக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவில், ஒரு சாண் சந்தில் தலைதூக்கிய கன்றும் அந்த ஜாதிதான்.

காம்புக்கு மூன்று இலை. அதைப் பார்த்ததும் மனைவி வில்வம் என்று தீர்மானித்து விளக்கோடு வந்துவிட்டாள். "முள்ளையே காணோமே, கசக்கினாலும் வாசனை இல்லையே" என்றேன். "சாமி மரத்தைக் கசக்கினீங்களா?" என்று எனக்கு அர்ச்சனை நடந்தது. எதிர்வீட்டு விசைத்தறிக்காரர் மாவிலங்கம் என்றார். கைப்பேசிச் செயலி காலையில் ஒரு பெயரும் சாயங்காலம் வேறு பெயரும் சொன்னது. அந்தக் காலத்தில் கடலில் போன கப்பல்காரர்கள் எங்கள் பக்கத்து நகரி மூக்கு மலையைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வார்களாம். எனக்கோ காலடியில் நிற்கும் முழ உயரக் கன்று பிடிபடவில்லை.

கடைசியில் புத்தூர்ப் பக்கத்து நர்சரிக்காரர் குனிந்து பார்த்தார். வட்ட இலை, நுனியில் சின்னப் பள்ளம். பக்கத்துத் தெரு மரத்திலிருந்து காற்றில் வந்து விழுந்த, இறக்கை வைத்த தட்டைக் காய் ஒன்றையும் எடுத்துக் காட்டினார். "எர்ரசந்தனம், சார்."

செம்மரம்! சேஷாசலம் மலைகளையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் விட்டால் தானாக வளர்வதே அபூர்வமான மரம். சர்வதேச வாணிபத்தில் 1995 முதல் சைட்டீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாடு. நர்சரியில் காயைச் சாணிக் கரைசலில் ஊறவைத்து, முளைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுமாம். எங்கள் வீட்டில் அதற்கு எந்தக் கரைசல் கிடைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

செய்தி கேட்டதுமே மகனுக்கு ஒரு தோள் தானாக ஏறிவிட்டது. 2021-இல் செம்மரக் கடத்தல் படம் 'புஷ்பா' வந்ததிலிருந்து இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு இது ஒரு வியாதி. டன் என்ன விலை என்றான். நர்சரிக்காரர் சிரித்தார். உள்ளே சிவப்பு வைரம் பாய இருபத்தைந்து வருஷமாவது ஆகுமாம். சொந்தப் பட்டா நிலமானாலும் வெட்டுவதற்கு வனத்துறை அனுமதி, லாரியில் ஏற்ற இன்னொரு பர்மிட். எனக்கு ஐம்பத்தாறு. மனக்கணக்குப் போட்டுப் பார்த்து, அன்றிலிருந்து காபிக்குச் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டேன்.

கொத்தனார் வந்து பார்த்து, மரமா டேங்கா, ஒன்றை முடிவு செய்யுங்கள், வேர் இறங்கினால் இரண்டும் போகும் என்றார். டேங்கை மாற்ற அவர் சொன்ன தொகைக்கு இப்போதே ஒரு லோடு செம்மரம் வேண்டும்.

ராத்திரி பின்பக்கம் சருகு சத்தம். டார்ச்சை அடித்து "எவன்டா அது?" என்று கத்தினேன். தன் மனைவிக்குத் தெரியாமல் பீடி குடிக்க ஒதுங்கிய என் மைத்துனர். மனிதர் இன்னும் என்னோடு பேசவில்லை.

பிள்ளைகள் பாகம் பிரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அடிமரம் தனக்கு என்கிறான் மகன். பாதிக்குப் பாதி என்கிறாள் மகள். செப்டிக் டேங்கை மட்டும் ஒருவருக்கொருவர் தாராளமாக விட்டுக்கொடுக்கிறார்கள்.