தலைக்கு 69 பவுண்டு

பொருளாதார வளர்ச்சியை எண்ணில் எழுதலாம் என்று முதலில் கண்டுபிடித்தவர் பொருளாதார மேதை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் பிணம் அறுக்கும் டாக்டர். பெயர் வில்லியம் பெட்டி. 1623இல் இங்கிலாந்தின் ரோம்சி என்ற ஊரில், துணி வியாபாரி வீட்டில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கப்பலில் எடுபிடி வேலைக்குப் போனார், காலை உடைத்துக்கொண்டார். கப்பல்காரர்கள் பிரான்ஸ் கரையில் இறக்கிவிட்டு நடையைக் கட்டினார்கள். வேறு பையனாக இருந்தால் அம்மாவை நினைத்து அழுதிருப்பான். பெட்டி அங்கிருந்த ஏசு சபைப் பாதிரிமாருக்கு லத்தீனில் ஒரு மனு எழுதிப்போட்டு, அவர்கள் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டார்.

1650 டிசம்பரில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆன் கிரீன் என்ற வேலைக்காரப் பெண்ணைத் தூக்கில் போட்டார்கள். வைத்தியம் படிக்கிறவர்களுக்கு அறுத்துக் காட்டுவதற்காக உடல் பெட்டியிடம் வந்தது. சவப்பெட்டியைத் திறந்தால், உள்ளே தொண்டையிலிருந்து கரகரவென்று சத்தம். பெட்டியும் கூட இருந்த டாக்டர்களும் கத்தியை வைத்துவிட்டு, வாயில் சூடாக எதையோ புகட்டினார்கள், கை காலைத் தேய்த்தார்கள், அந்தக் கால வழக்கப்படி கொஞ்சம் ரத்தத்தையும் எடுத்தார்கள். தூக்கில் பிழைத்ததைவிட இந்த வைத்தியத்தில் பிழைத்ததுதான் அதிசயம். அந்தப் பெண்ணுக்கு மன்னிப்புக் கிடைத்தது. பிறகு கல்யாணம் செய்துகொண்டு பிள்ளைகளும் பெற்றாள். பெட்டியின் புகழ் ஊரெல்லாம் பரவியது.

அந்தப் புகழோடு 1652இல், அயர்லாந்தைப் பிடித்திருந்த ஆங்கிலத் தளபதி க்ராம்வெலின் படைக்கு டாக்டராகப் போனார். அங்கே சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லை. அதனால் ஐரிஷ்காரர்களிடம் பிடுங்கிய நிலத்தைச் சம்பளமாகக் கொடுப்பதாக ஏற்பாடு. அதை யார் அளப்பது? சர்வே வேலை தெரிந்தவர்கள் வருஷக்கணக்கில் ஆகும் என்றார்கள். டாக்டர் பெட்டி பதின்மூன்றே மாதத்தில் முடிக்கிறேன் என்றார், முடித்தும் கொடுத்தார். முடித்தபோது கெர்ரி பகுதியில் ஏராளமான நிலம் அளந்தவர் பேரிலேயே வந்து சேர்ந்திருந்தது. இந்த வித்தை இந்தக் காலத்து ஆட்கள் கண்டுபிடித்தது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கோபக்காரப் படை அதிகாரி ஒருவர் அவரைச் சண்டைக்கு அழைத்தார். இடமும் ஆயுதமும் அழைக்கப்பட்டவர் விருப்பம். கிட்டப்பார்வைக்காரரான பெட்டி, இருட்டான நிலவறையும் தச்சன் கோடாரியும் வேண்டும் என்றார். ஊர் சிரித்தது. சண்டை நடக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதர்தான் 1665இல், டச்சுக்காரர்களோடு போர் மூண்டு மன்னருக்குப் பணம் தேவைப்பட்ட நேரத்தில், நாட்டின் மொத்த வருமானத்தைக் கணக்குப் போட உட்கார்ந்தார். வரி என்றால் நிலக்காரர்கள் தலையில்தான் அதிகம் விடியும். பெட்டி இப்போது பெரிய நிலக்காரர். இது மனதில் இருக்கட்டும்.

நாட்டில் 60 லட்சம் பேர் என்றார். எண்ணியது யார்? யாருமில்லை. இங்கிலாந்தில் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்ததே 1801இல். ஒருவர் சாப்பிட, உடுத்த, இருக்க எல்லாவற்றுக்குமாக நாளைக்கு நாலரை பென்னி என்றார். ஆக நாட்டின் செலவு வருஷத்துக்கு 4 கோடி பவுண்டு. நிலம், வீடு, கப்பல் என்று சொத்திலிருந்து வருவதோ ஒன்றரைக் கோடிதான். மீதி இரண்டரைக் கோடி எங்கிருந்து வருகிறது? உழைப்பவன் கையிலிருந்து. ஆகவே வரியிலும் உழைப்பவன் தன் பங்கைக் கொடுக்கட்டும் என்று முடித்தார். உழைப்பின் மதிப்பை உலகம் கண்டுகொண்ட வரலாற்றுக் கணம் இது. கண்டுகொண்ட கையோடு பில்லையும் நீட்டிவிட்டது. மக்களுக்கும் விலை போட்டார்: எல்லாருமாகச் சேர்ந்து 41 கோடியே 70 லட்சம் பவுண்டு, தலைக்கு 69 பவுண்டு. இதையெல்லாம் அவர் உயிரோடு இருக்கும்வரை அச்சிடவில்லை. செத்து நாலு வருஷம் கழித்து, 1691இல்தான் புத்தகம் வெளிவந்தது. புத்திசாலி.

அடுத்த இருநூறு வருஷத்தைத் தாண்டி இந்தியாவுக்கு வருவோம். 1876இல் பம்பாயில் தாதாபாய் நௌரோஜி ஒரு கட்டுரை படித்தார். சர்க்காரின் சொந்தப் புள்ளிவிவரங்களையே எடுத்து, மாகாணம் மாகாணமாக விளைச்சலை விலையால் பெருக்கி, 1867–68இல் ஒரு இந்தியனின் சராசரி வருமானம் ஆண்டுக்கு 20 ரூபாய் என்று காட்டினார். ஜெயில் கைதிக்குச் சோறும் துணியும் கொடுக்க ஆகும் செலவையும் பக்கத்தில் எழுதினார். அது இதைவிட அதிகம். பிரிட்டிஷ் ராஜ்ஜியத்தில் நல்லபடியாக வாழ வேண்டுமானால் குற்றம் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட அதிகாரபூர்வமான ஆதாரம் கிடைக்காது.

சர்க்கார் சும்மா இருக்குமா? 1882இல் 27 ரூபாய் என்றது. 1901இல் வைஸ்ராய் கர்சன் பிரபு எழுந்து இப்போது 30 ரூபாய் என்றார். நடுவில் பஞ்சங்கள் வந்து லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்திருந்தார்கள். ஆனாலும் மூன்று ரூபாய் வளர்ச்சி! வகுக்கும் எண் குறைந்தால் சராசரி ஏறும் என்பது பிரபுவுக்குத் தோன்றாமல் இருந்திருக்காது. அதே வருஷம் வில்லியம் டிக்பி என்ற வெள்ளைக்காரர், 30 எல்லாம் இல்லை, 18கூடத் தேறாது என்று தடித்த புத்தகம் ஒன்றைப் போட்டார். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின்போது சென்னையில் ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியராக இருந்தவர் அவர். பிணங்களை நேரில் பார்த்தவருக்கு வரும் எண் வேறு, சிம்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு வரும் எண் வேறு.

இனி அமெரிக்கா. அங்கே 1930களின் பொருளாதார மந்தத்தில் நாடு எவ்வளவு விழுந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ரயிலில் எத்தனை வேகன் சரக்கு போகிறது என்று பார்த்துத்தான் குத்துமதிப்பாகச் சொன்னார்கள். சைமன் குஸ்நெட்ஸ் என்ற பொருளாதார நிபுணர் கணக்குப் போட்டு 1934இல் செனட்டுக்குக் கொடுத்தார்: மூன்று வருஷத்தில் வருமானம் பாதியாகிவிட்டது. அதே அறிக்கையில், இந்த எண்ணை வைத்து ஜனங்கள் நன்றாக இருக்கிறார்களா என்று முடிவு கட்டாதீர்கள் என்றும் எச்சரித்தார். ஆயுதச் செலவு, விளம்பரச் செலவு, சூதாட்டம் போன்ற வியாபாரம் இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் நல்லது என்றும் பின்னால் சொல்லிப்பார்த்தார். அந்த நேரம் பார்த்து உலகப் போர் வந்தது. டாங்கியும் குண்டும் வாங்குகிற அரசு, அதையெல்லாம் உற்பத்தியில் சேர்க்காமல் விடுமா? சேர்த்தது. எண் எகிறியது. குஸ்நெட்ஸுக்கு 1971இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். எச்சரிக்கையை அவரிடமே விட்டுவிட்டார்கள்.

இதற்குப் பிறகு வளர்ச்சிக்கு உழைப்பெல்லாம் தேவைப்படவில்லை, திருத்தம் போதும். 1987இல் இத்தாலி, கணக்கில் வராத வியாபாரத்தையும் கணக்கில் சேர்த்து, பிரிட்டனை முந்திவிட்டதாகக் கொண்டாடியது. வரி கட்டாதவர்கள் நாட்டுக்குச் செய்த ஒரே சேவை. 2006இல் கிரீஸ் அதே பாணியில் ஒரேயடியாக 25 சதவீதம் ஏற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் பேரம் பேசி 9.6க்கு இறக்கியது. 2014 ஏப்ரலில் நைஜீரியா, கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும் அடிப்படை ஆண்டை மாற்றி, 89 சதவீதம் பெரிதாகி, தென்னாப்பிரிக்காவைத் தாண்டியது. மறுவருஷம் ஜனவரியில் டெல்லியும் அடிப்படை ஆண்டை மாற்றியது. 2013–14இல் 4.7 சதவீதமாக இருந்த நம் வளர்ச்சி 6.9 ஆகிவிட்டது. முடிந்துபோன ஆண்டு அது. அந்த ஆண்டை ஏற்கெனவே திட்டித் தீர்த்தவர்களுக்குத்தான் தர்மசங்கடம்.

ஆனால் பிரிட்டன் 2014இல் செய்ததற்கு ஈடு கிடையாது. ஐரோப்பிய விதிப்படி போதைப் பொருளையும் பாலியல் தொழிலையும் நாட்டு உற்பத்தியில் சேர்க்க வேண்டும் என்று வந்தது. ரசீதே இல்லாத தொழில். புள்ளிவிவர அலுவலகம் அசரவில்லை. 2009இல் இந்தத் தொழிலில் இருந்தவர்கள் 60,879 பேர் என்றது. அறுபதாயிரம் சொச்சம் என்று சொல்லியிருக்கலாம், அந்தக் கடைசி ஒன்பது பேரை விட மனமில்லை. வாரத்துக்கு 25 வாடிக்கையாளர், ஒரு தடவைக்கு 67 பவுண்டு 16 பென்ஸ். இதில் வாடகை, உடுப்பு, ஆணுறைச் செலவையெல்லாம் முறைப்படி கழித்தார்கள். பெட்டி இருந்திருந்தால் இந்த 16 பென்ஸைப் பார்த்துக் கண்ணீர் விட்டிருப்பார். இரண்டு தொழிலுமாகச் சேர்ந்து ஏறத்தாழ 1,000 கோடி பவுண்டு.

அந்தச் சமயத்தில் பழைய ஆண்டுகளின் கணக்கையும் வேறு பல காரணங்களுக்காகத் திருத்தியிருந்தார்கள். அக்டோபரில் பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது: நீங்கள் நினைத்ததைவிடப் பணக்காரர்கள், வாழ்த்துகள், ஆகவே 170 கோடி பவுண்டு கூடுதல் சந்தா, டிசம்பர் 1க்குள் கட்டவும். பிரதமர் கேமரன் மேஜையைத் தட்டாத குறையாகக் கத்தினார். நிதியமைச்சர் ஆஸ்போர்ன் மட்டும் போய்ப் பேசிவிட்டு வந்து, பில்லைப் பாதியாக்கிவிட்டேன் என்றார். எப்படியும் பிரிட்டனுக்கு வரவேண்டியிருந்த தள்ளுபடியை அதில் கழித்துக் காட்டியிருந்தார்.