60,000 ரூபாயும் ஆறு ஃபேனும்

"பட்ஜெட் 60,000 ரூபாய், அதற்குமேல் ஒரு பைசா கிடையாது" என்று கேமிங் கம்ப்யூட்டருக்குப் பாகங்கள் வாங்க சென்னை ரிச்சி தெருவுக்குள் நுழைகிறவரின் வைராக்கியம் முதல் கடை வாசல்வரை உறுதியாக இருக்கும். "இன்னும் மூவாயிரம் போட்டா அடுத்த மாடல் கிராபிக்ஸ் கார்டே வந்துரும் சார்" என்பார் கடைக்காரர். எந்த கார்டுக்கும் மூவாயிரம் தள்ளி ஓர் அண்ணன் இருப்பான். அந்த அண்ணனுக்கும் ஓர் அண்ணன் உண்டு. 18 சதவீத ஜிஎஸ்டி வேறு.

கேம் ஓடுவது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் தயவில்தான். பணத்தில் பெரும்பங்கு அதற்குப் போவதே நியாயம். நம்மவரோ கண்ணாடிப் பெட்டியும் கலர் கலராக மின்னும் ஆறு ஃபேனும் வாங்கிய பிறகே கார்டைப் பற்றி யோசிப்பார். மிச்சம் பிடிப்பது எங்கே? பவர் சப்ளையில்! எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற அதைத்தான் ஊர் பேர் தெரியாத கம்பெனியில் வாங்குவார். அது ஒருநாள் புகைந்தால் சும்மா போகாது; மதர்போர்டையும் கார்டையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, கேபிளை கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிட்டு, கார்டு சரியில்லை என்று சண்டைக்கு வருகிறவர்கள் தனி ரகம்.

ஐயா, இரண்டு ஃபேனைக் குறையுங்கள். அந்தக் காசில் ஒழுங்கான பவர் சப்ளை வாங்குங்கள்.