மாதவி வேஷம் கட்டினவன் சொல்றேன்

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில ஒக்காரு. கோயில் திருவிழாவுல பட்டிமன்றம் பேசப் போறியாமே. தலைப்பு என்னா? 'கோவலன் வாழ்வு கெட்டது மாதவியாலா, பொற்கொல்லனாலா?' ஆகா! தலைப்பு போட்டவன் கெட்டிக்காரன்டா. ஒருத்தன் கண்ணு மண்ணு தெரியாம வண்டிய ஓட்டி வாய்க்கால்ல எறக்கிட்டான். குத்தம் வண்டி மேலயா, வாய்க்கால் மேலயான்னு ரெண்டு அணி. ஓட்டுனவனுக்கு மேடையில சால்வை.

நீ எந்த அணி? மாதவியாலயா? அப்போ கைதட்டுக்குப் பஞ்சமே இல்ல. ஒரு யோசனை சொல்றேன் கேட்டுக்க. கைதட்டு வேணும்னா சிலப்பதிகாரத்த மட்டும் தொறந்துடாதே. 1892ல உ.வே.சாமிநாதய்யர் அவ்வளவு பாடுபட்டு ஓலையெல்லாம் தேடிப் புடிச்சு அச்சுல கொண்டாந்தாரு. பெரிய மனுஷன் பாவம், அவரு அலைஞ்சது அலைஞ்சதாவே இருக்கட்டும். நீ சினிமா பாத்திருக்கேல்ல? அது போதும்.

அப்படியும் தொறந்தே தீருவேன்னு நின்னியானா ஒம்பதாவது காதையோட மூடிப்புடு. அங்கதான் கோவலன் வீட்டுக்கு வந்து கண்ணகிகிட்ட, ஒரு மாயக்காரியோட சேந்து குலத்துச் சொத்தெல்லாம் தொலச்சேன்னு அழுவான். உன் அணிக்குத் தேன் மாதிரி வரும். பதிமூணாவது காதைப் பக்கம் மட்டும் தலை வச்சுப் படுக்காதே. அதுல உன் கட்சிக்கு வேட்டு இருக்கு. நம்ம சனங்க கதையே இதான்டா. ஒம்பது எல்லாருக்கும் தெரியும், பதிமூணு ஒருத்தருக்கும் தெரியாது.

உனக்கென்னா தெரியும்னு பாக்குறியா? மாதவிய எனக்குத் தெரிஞ்ச மாதிரி இந்த ஊர்ல எவனுக்கும் தெரியாதுடா. பதினெட்டு வயசுல ஸ்திரீபார்ட் போட்டவன் நான். அப்பல்லாம் எங்க நாடகத்துல பொம்பளை வேஷம் ஆம்பளைதான் கட்டணும். உன் அப்பாயிக்கு இன்னைக்கும் அந்தக் கோவம் உண்டு, அவ சேலைய விட எனக்குத்தான் கொசுவம் அழகா வருதுன்னு. எங்க நாடகத்துல மாதவி மாலையச் சுழட்டி வீசுவா. அது கோவலன் கழுத்துல போயி விழும். அவன் கழட்டுவான், கழலாது. 'ஐயோ, பாவிமவ மாட்டி வச்சிட்டாளே'ன்னு சனம் உச்சுக்கொட்டும். நானும் கண்ண உருட்டி, இடுப்ப ஆட்டி, காசைப் புடுங்குற மாதிரி ஒரு சிரிப்பு சிரிப்பேன் பாரு. மண்ணை வாரித் தூத்துவாளுங்க. மறுநா அறுப்புக்குப் போயிட்டு வர்ற வழியில ஒரு வீட்டுல குடிக்க மோரு கேட்டேன். அந்தக் கெழவி சொம்பக் கையில வச்சிக்கிட்டே, 'கண்ணகி தாலியறுத்தவ தானே நீயி? போடி அந்தாண்ட!'ன்னுட்டா. மீசை அப்பத்தான் அரும்பியிருந்துச்சுடா எனக்கு.

அன்னைக்கு சாயங்காலம் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் கூப்பிட்டாரு. 'நல்லா ஆடினே, ஆனா நீ ஆடினது மாதவிய இல்ல'ன்னாரு. பொறவு யாரன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே புத்தகத்த எடுத்தாரு.

மொதல்ல மாலை. வீசவும் இல்ல, விழவும் இல்ல. அஞ்சு வயசுல ஆரம்பிச்சு ஏழு வருசம் ஆட்டம் படிச்ச புள்ள, பன்னெண்டு வயசுல சோழராசா முன்னாடி அரங்கேறுது. ராசா தலைக்கோலிப் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் குடுக்குறாரு. பொறவு ஒரு மாலைய கூனி ஒருத்தி கையில குடுத்துக் கடைத்தெருவுல நிறுத்துறாங்க. 1008 கழஞ்சு பொன் எவன் தர்றானோ அவனுக்கு மாதவி. கோவலன் அந்தப் பொன்னக் குடுத்து மாலைய வாங்கிக்கிட்டு, கூனி பின்னாடியே தன் கால்ல நடந்து போறான். நீயே சொல்லு, விலை பேசி வாங்குனவன் மாட்டிக்கிட்டவனா? அந்தப் பன்னெண்டு வயசுப் புள்ளைய யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா? அத வச்சு ஒரு பட்டிமன்றம் நடத்தேன். நடத்த மாட்டே. கூட்டம் வராது.

(கூனின்னதும் ஞாபகம் வருது. நம்ம கதைங்கள்ல கூன் விழுந்தவளுக்கு நல்ல வேலையே குடுக்க மாட்டாங்கடா. ஒருத்திய மாலை விக்க விட்டாங்க, இன்னொருத்திய ராமனைக் காட்டுக்கு அனுப்ப விட்டாங்க. சின்ன வயசுல ராமன் அவ கூன் மேல வில்லால மண்ணுருண்டை அடிச்சு வெளையாடினத கம்பர் மறைக்காமத்தான் எழுதியிருக்காரு. படிக்கிறவன்தான் தாண்டிப் போயிடுறான்.)

சரி, பொற்கொல்லன். அவன் அரசி சிலம்பத் திருடிப் பழியக் கோவலன் மேல போட்ட களவாணிதான், அதுல எனக்கு வழக்கு இல்ல. ஆனா அவன் ஒருத்தன் பண்ணுன களவுக்கு, கொற்கையில இருந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலி குடுத்தான்னு அதே புத்தகத்துல இருக்கு. எதிரணிக்காரன்கிட்ட இத சொல்லிப்புடாதே, பேச்சு தடுமாறிடுவான்.

இப்போ கடற்கரைக்கு வா. நம்ம பூம்புகார்தான். இந்திரவிழா முடிஞ்சு ரெண்டு பேரும் கடலாடப் போறாங்க. கோவலன் யாழை வாங்கிக் காவேரியப் பாடுறான், கடலப் பாடுறான், மீனவப் பொண்ணைப் பாடுறான். எல்லாம் வெறும் பாட்டு. மாதவிக்கு ஒரு சந்தேகம், இவன் மனசுல வேற எவளோ இருக்காளோன்னு. அதுக்குப் பதிலுக்கு அவளும் யாழை வாங்கி, தன் மனசுல வேற ஆளு இருக்குற மாதிரி ஒரு பாட்டுப் பாடுறா. அவ்வளவுதான். நான் ஒண்ணு பாட, இவ வேற எவனையோ நெனச்சுப் பாடிட்டாளேன்னு அவன் எந்திரிச்சுப் போயிட்டான். நல்லா கவனி. அவ ஆட்டக்காரி, பாட்டுக்காரி. பாட்டுக்குள்ள வர்ற பொண்ணு வேற, பாடுற பொண்ணு வேறன்னு அத்தன வருசம் கூட இருந்தவனுக்குத் தெரியல. நான் மாதவி வேஷம் கட்டுனதுக்கு எனக்கு மோரு தராத கெழவிக்கும் அவனுக்கும் என்னா வித்தியாசம்? கெழவியாவது படிக்காதவ.

அவ சும்மா இருந்தாளா? தாழம்பூ மடல்ல, பிச்சி மொட்டே எழுத்தாணியா, செம்பஞ்சுக் குழம்பத் தொட்டு ஒரு கடுதாசி எழுதித் தோழி வசந்தமாலைகிட்ட குடுத்தனுப்புறா. அய்யா வாங்கவே இல்ல. அவ ஆடல்மக, அவ செய்யிறது பூரா நடிப்புன்னு எட்டு விதமா வகை பிரிச்சுப் பேசுறான். சிரிச்சா நடிப்பு, அழுதா நடிப்பு, மெலிஞ்சா நடிப்பு. இப்படி ஒருத்தன் முடிவு கட்டிட்டான்னா அவ உசுரக் குடுத்தாலும் நல்லா செத்தான்னுதான் சொல்லுவான்.

அந்தப் பதிமூணாவது காதை இருக்கே, நீ படிக்கக் கூடாதுன்னேனே, அதத்தான் இப்ப சொல்லப் போறேன். காதப் பொத்திக்க. மதுரைக்குப் போற வழியில கோசிகன்னு ஒருத்தரு இன்னொரு ஓலை கொண்டாறாரு. மண்ணு வச்சு அடைச்ச ஓலை, அந்த மண்ணுல முத்திரையா மாதவி தன் கூந்தலையே ஒத்தி எடுத்திருக்கா. அந்தக் கூந்தல்நெய் வாசம் கோவலன் மூக்குல ஏறுது. ஓலைய விடவும் மனசு வராம நின்னு, பொறவுதான் பிரிக்கிறான். உள்ளார வசவும் இல்ல, காசும் கேக்கல. பெத்தவங்களுக்குத் தெரியாம, குலப்பொண்ணக் கூட்டிக்கிட்டு ராத்திரியில கெளம்புற அளவுக்கு நான் பண்ணுன தப்பு என்னான்னு புரியலியே, பொறுத்துக்கணும்னு எழுதியிருக்கா. கண்ணகியையும் சேத்து நெனச்சு எழுதுன கடுதாசிடா அது. படிச்சுட்டு அவனே சொல்றான், அவ மேல தப்பு இல்ல, என் மேலதான்னு. சொல்லிட்டு என்னா பண்ணுனான் தெரியுமா? அதே ஓலைய, தன் அப்பா அம்மாவுக்குப் பொருத்தமா இருக்குன்னு அவங்ககிட்டக் குடுக்கச் சொல்லிட்டான். மன்னிப்புக் கேக்கக்கூட சொந்தமா நாலு வார்த்தை வரல, அவ எழுதுனதையே திருப்பிவிட்டான். ஆனாலும் ஒத்துக்கிட்டான் பாரு, அதுக்கு அவன மெச்சணும்.

அதாவது, குத்தம் சாட்டுனவனே வழக்க வாபஸ் வாங்கிட்டான். ஊருதான் இன்னும் தீர்ப்பு எழுதிக்கிட்டிருக்கு.

அவன் செத்த சேதி கேட்டதும் அவ அறவண அடிகள்கிட்டப் போயி துறவு வாங்கிட்டா. மறுபடி விழாவுக்கு ஆட வா, மகளையும் கூட்டியான்னு அவ ஆத்தாக்காரி சித்திராபதி ஆள் விட்டா. மணிமேகலை அந்தப் பத்தினி கண்ணகி மக, அவ இந்தத் தொழிலுக்கு வர மாட்டான்னு சொல்லி அனுப்பிட்டா. இத நீ மேடையில சொன்னியானா உன் அணித் தலைவரு மைக்கப் புடுங்கிடுவாரு.

எனக்கு வாத்தியார் இதெல்லாம் வாசிச்சுக் காட்டுனப்போ இருட்டிப் போச்சு. அடுத்த வருசமும் மாதவி நான்தான். அந்தச் சிரிப்ப விட்டுட்டேன். மாலைய வீசல, சும்மா தரையில வச்சேன். ஆட்டம் சப்புன்னு இருக்குன்னு எனக்குப் பாதிச் சம்பளம் புடிச்சிட்டாங்க. கெழவி மோரு குடுத்தாளான்னு கேக்குறியா? அவ வம்சமே இன்னைக்கு வரைக்கும் குடுக்கல.

அது கெடக்கட்டும். வாசல்ல வண்டி மட்டும் தனியா நிக்குது, பின் சீட்டு காலி. எங்கடா உன் பொண்டாட்டி? அவ ஆத்தா வீட்டுலயா? எத்தன நாளா? ஏன்? மொணங்காம சொல்லு. வாட்சப் ஸ்டேட்டஸ்ல ஒரு பாட்டு வச்சாளா. கைவிட்டுப் போனவன நெனச்சுப் பாடுற பாட்டா. அது உன்னையக் குத்திக் காட்டுதா, இல்ல வேற எவனையாச்சும் நெனச்சு வச்சாளான்னு கேட்டுச் சண்டை போட்டியா. அந்தப் பாட்ட முழுசாக் கேட்டியாடா? அரை நிமிசந்தான் வந்துச்சா?

உள்ளார உன் அப்பாயி கேக்குறா பாரு, ராத்திரிக்கு எத்தன பேருக்கு அரிசி களையிறதுன்னு. ரெண்டா, மூணா, நாலா? என்னான்னுடா சொல்லட்டும்?