ஓனருக்கு எதுக்கு டிப்ஸ்?

சலூன் வாசலில் நின்று கழுத்தை மட்டும் உள்ளே நீட்டி, எந்த நாற்காலி காலி என்று பார்க்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நம்முடைய நியாயஸ்தர் நாற்காலியைப் பார்ப்பதில்லை. யாருடைய கை காலி என்று பார்ப்பார்.

சென்னைப் புறநகரில் மூன்று நாற்காலிக் கடை. வாசலை ஒட்டிய முதல் நாற்காலி ஓனருடையது, கல்லாவும் அங்கேதான். மற்ற இரண்டிலும் ஆட்கள். கட்டிங் 150 ரூபாய். ஆள் வெட்டினால் நியாயஸ்தர் மேலே 20 ரூபாய் தருவார். ஓனர் வெட்டினால் தரமாட்டார். கஞ்சத்தனம் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். இது கொள்கை.

“முதலாளிக்கு யாராவது டிப்ஸ் கொடுப்பாங்களா? நகைக்கடை ஓனரே எழுந்து வந்து நெக்லஸ் எடுத்துக் காட்டினா, அவர் பாக்கெட்ல பத்து ரூபாயைத் திணிச்சுட்டு வருவீங்களா?”

கொள்கையின் உடனடிப் பலன், ஓனர் கை காலியாகும்வரை காத்திருக்கத் தோன்றுவது. தினத்தந்தியை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்காருவார். சிந்துபாத் கன்னித்தீவில் எங்கே இருக்கிறான் என்று பார்ப்பார். 1960 முதல் அலைகிறவனுக்கே அவசரமில்லை, இவருக்கு என்ன அவசரம்? இரண்டாம் நாற்காலிப் பையன் துண்டை உதறிவிட்டு, “வாங்க சார்” என்பான்.

“இருக்கட்டும்பா. அண்ணன் கை பட்டாத்தான் எனக்கு முடி படியும்.”

படிவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம். இந்தப் பாராட்டில் ஓனர் உச்சி குளிர்ந்துபோவார் என்பது நியாயஸ்தரின் நினைப்பு. பல வருஷமாகக் கத்தரி பிடிக்கிறவருக்கு எந்தப் பாராட்டு எத்தனை ரூபாய் மிச்சம் பிடிக்கிறது என்று தெரியாதா? தெரியும். அதனால்தான் சில நாள் வேண்டுமென்றே, “தம்பி, சாரை நீயே கவனிச்சுக்கோ. எனக்கு ஒரு டை அடிக்கிற வேலை இருக்கு” என்பார். டை அடித்துக்கொள்ள அங்கே யாரும் வந்திருக்கமாட்டார்கள்.

கொள்கைக்கு ஒரு வெளிநாட்டு முத்திரையும் உண்டு. மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். போன தடவை போயிருந்தபோது அங்கே முடிவெட்டிக்கொண்டார். வெட்டி முடித்ததும் ஒரு திரையை அவர் பக்கம் திருப்பினார்கள். 18, 20, 25 என்று சதவீதங்கள் வரிசையாக நின்றன. எதையும் தொடாமல் தப்பிக்கும் வழியைத் திரையின் மூலையில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்; கண்ணாடியைத் தேடுவதற்குள் மாப்பிள்ளை 20-ஐ அழுத்திவிட்டார். வெட்டுக் கூலியை ரூபாயில் பெருக்கிப் பார்த்து ஏற்கெனவே பாதி உயிராக இருந்தவருக்கு மீதி உயிரும் போனது. வீட்டுக்கு வந்ததும் ஆராய்ச்சியில் இறங்கினார். டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு அங்கே கூட்டரசுச் சட்டப்படி முதலாளி தரவேண்டிய குறைந்தபட்ச ரொக்கக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான், 1991 முதல் அது மாறவே இல்லை என்று கண்டுபிடித்தார். ஹோட்டல் பரிமாறுகிறவர்களை மனதில் வைத்துப் பேசும் கணக்கு அது என்பதைக் கண்டுகொள்ளவில்லை. வாஷிங்டன் மாநிலம் 1909-ல் டிப்ஸையே சட்டம் போட்டுத் தடுத்தது என்று படித்ததும் துள்ளினார். 1913-ல் அதை ரத்து செய்துவிட்டார்கள் என்பது அடுத்த வரியில் இருந்தது. அவர் அதற்கு முன்பே படிப்பதை நிறுத்திவிட்டார்.

அவர் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்த பொக்கிஷம் வேறு. கடைக்குச் சொந்தக்காரரே முடிவெட்டினால் டிப்ஸ் தரவேண்டியதில்லை என்பது அமெரிக்கர்களின் பழைய சம்பிரதாயம். இப்போது அங்கே ஓனருக்கும் பலர் தருகிறார்கள், ஓனர்களும் வாங்கிக்கொள்கிறார்கள் என்று மாப்பிள்ளை சொல்லிப் பார்த்தார். “பழக்கம் கெட்டுப்போச்சுன்னா சம்பிரதாயம் பொய்யாயிடுமா மாப்பிள்ளை?” என்று கேட்டுவிட்டு விமானம் ஏறினார்.

இங்கே வந்தால் யுபிஐ காலை வாரியது. கடையில் இருக்கும் கியூஆர் அட்டை ஓனருடைய கணக்கு. ஆள் வெட்டிய அன்றைக்கு 170 ரூபாயாக அனுப்பினால், அந்த 20 ரூபாயும் நேராகப் போய் விழுவது யாரிடம்? எந்த முதலாளிக்கு டிப்ஸ் கூடாதோ அதே முதலாளியிடம். ராத்திரி கணக்குப் பார்க்கும்போது பிரித்துக் கொடுப்பாரா என்று கேட்கவும் முடியாது. அதற்கு மேல் அந்த ஒலிபெருக்கிப் பெட்டி வேறு. “நூற்று ஐம்பது ரூபாய் பெறப்பட்டது” என்று அது தமிழில் அறிவித்ததும் பெஞ்சில் இருக்கும் நாலு பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவருக்கு முந்தியவர் போனபோது நூற்று எழுபது என்று அறிவித்திருக்கும். அதனால் நியாயஸ்தர் சட்டைப்பையில் இருபது ரூபாய்த் தாள்களைத் தனியாக மடித்து வைத்திருப்பார். ஏடிஎம்மோ ஐந்நூறாகத் துப்புகிறது. இந்த இருபதுகளுக்காக அவர் காய்கறிக் கடையில் நடத்தும் போராட்டத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஓனரின் மகன் படிப்பை முடித்துவிட்டு மூன்றாம் நாற்காலியில் நின்றபோது பெரிய சிக்கல் வந்தது. மகன் ஓனரா, ஆளா? இப்படிப்பட்ட கடைகளில் ஆட்களுக்குப் பெரும்பாலும் பங்குக் கணக்கு, பாதிக்குப் பாதி என்பது பரவலான வழக்கம். மகனுக்குப் பங்கு உண்டா, இல்லை மாதக் கடைசியில் அப்பாவிடம் பெட்ரோலுக்குக் கை நீட்டுகிறானா? பங்கு உண்டென்றால் ஆள், 20 ரூபாய். இல்லையென்றால் வாரிசு, பூஜ்யம். பையனிடமே விசாரித்தார். “அது அப்பாவுக்கும் எனக்குமே இன்னும் தெளிவாகல அங்கிள்” என்றான். பத்து ரூபாய் கொடுத்துவிட்டு வந்தார்.

சிரிக்கலாம்தான். ஆனாலும் டிப்ஸ் விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. கிராமங்களில் சலூன் வருவதற்கு முன் முடிதிருத்துகிறவர்தான் வீடு தேடி வருவார். வீட்டுக்குள் அல்ல, கொல்லைப்புறத்துக்கு. கூலி காசாக வராது. அறுவடை முடிந்ததும் களத்தில் நெல்லாக அளப்பார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் தனியாக வேட்டி, அரிசி. அளக்கிற கை எப்போதும் மேலே. பேரன் எடுத்தவரை மீசை முளைக்காத பிள்ளை “வாடா” என்று கூப்பிட்ட காலம் அது. சலூன் வந்து இதைத் திருப்பிப் போட்டது. பலகை மாட்டினார்கள், விலைப்பட்டியல் ஒட்டினார்கள், திராவிட இயக்கப் பத்திரிகைகளைச் சத்தமாக வாசித்து அரசியல் பேசினார்கள். மிராசுதாரானாலும் பெஞ்சில் முறை வரும்வரை உட்கார வேண்டும். “தலையைக் குனிங்க” என்றால் குனிய வேண்டும், பிடரியில் கத்தி இருக்கிறது. அப்படி நிமிர்ந்து நிற்கிற மனிதரின் சட்டைப்பையில் இருபது ரூபாயைச் சொருகக் கை கூசினால் அந்தக் கூச்சத்தில் ஒரு மரியாதை இருக்கிறது. நியாயஸ்தரின் கொள்கைக்கு நான் போடக்கூடிய ஒரே மார்க் இதற்குத்தான். துரதிர்ஷ்டவசமாக, அவர் கொள்கையில் இந்தப் பக்கம் அச்சாகவே இல்லை.

பிறகுதான் அந்த இரண்டாம் நாற்காலிப் பையன், கொள்கைப்படி இருபது ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவன், இரண்டு தெரு தள்ளிச் சொந்தமாகக் கடை போட்டான். ஏசி, சுழலும் நாற்காலி, சுவரில் தாடி வைத்த கிரிக்கெட் வீரர்கள். “சார், நீங்க அவசியம் வரணும்” என்று பத்திரிகை கொடுத்தான். திறப்பு விழாவுக்குப் போய் 101 ரூபாய் மொய் வைத்தார். மொய்யில் குழப்பமே கிடையாது. ஓனருக்குத்தான் வைப்பது, எழுதியும் வைப்பார்கள்.

அடுத்த மாதம் முடிவெட்டப் போனார். விலைப்பட்டியலில் கட்டிங் 200 ரூபாய். தம்பியே வெட்டினான். பழைய கைதான். கிருதாவைச் சமமாக்கி, பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டி, சொல்லாமலே உச்சந்தலையில் நாலு தட்டு தட்டி, கழுத்தில் சொடக்கு எடுத்துவிட்டான். நியாயஸ்தருக்கு உருகிவிட்டது. நேற்றுவரை ஆள், இன்று முதலாளி. ஒரே ராத்திரியில் எப்படி நிறுத்துவது? கொள்கையைக் கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, மடித்து வைத்திருந்த இருபதை நீட்டினார்.

தம்பி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். “ஐயோ வேணாம் சார். நீங்கதானே சொல்வீங்க, ஓனருக்கு எதுக்கு டிப்ஸ்னு? அதெல்லாம் விலையிலயே சேர்த்துட்டேன்.”

நியாயஸ்தர் நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றார்.

“கொடுக்கணும்னு நினைச்சா அந்தப் பையனுக்குக் கொடுங்க சார்.” மூலையில் ஒரு பையன் துடைப்பத்தோடு நின்றான்.

“அவன் என் தலையைத் தொடவே இல்லையேப்பா?”

“வெட்டினதை எல்லாம் அவன்தானே சார் பெருக்கணும்?”

நியாயஸ்தர் குனிந்து தரையைப் பார்த்தார். நாற்காலிக்கு அடியில் கிடந்த தன் முடியை ஒரு நிதானத்தோடு அளந்தார். பெரிதாக ஒன்றும் இல்லை. இருபதைப் பைக்குள் வைத்துவிட்டு, “தம்பி, பத்து ரூபாயாச் சில்லறை இருக்கா?” என்றார்.