கடலுக்கு ஒரு கைப்பிடி உப்பு

போன சனிக்கிழமை இரவு பத்தேகாலுக்குத் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் டமால் என்றது. இன்று வியாழன். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் மேல் அல்ல. அது பாவம், மே மாதத்தில் தெரு முழுவதன் ஏசியையும் ஒற்றை ஆளாகச் சுமந்தது. என் ஆத்திரமெல்லாம் அதற்கப்புறம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்த உப்பு மாநாட்டின் மேல்தான்.

கடல்மீன் தொட்டி வைத்திருக்கிற வீட்டில் கரண்ட் போனால் முதலில் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். சொல்கிறேன்.

தொட்டி நாலடி நீளம், 300 லிட்டர். உள்ளே இரண்டு க்ளவுன், மூன்று டாம்ஸல், ஒரு க்ளீனர் இறால். பவளமெல்லாம் ரெசினில் வார்த்த பொம்மை. நிஜக் கல்பவளத்தை 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலி இருக்கிற அதே அட்டவணை. கூடத்தில் பவளம் வளர்ப்பதும் பால்கனியில் புலி கட்டுவதும் சட்டத்தின் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே இதைப் பவளப்பாறைத் தொட்டி என்று சொல்கிற ஒரே ஆள் நான். மற்றவர்களுக்கு ‘நீமோ தொட்டி’. 2003-ல் அந்த நீமோ படம் வந்ததிலிருந்து க்ளவுன் மீனுக்கு வேறு பெயரே கிடையாது.

கரண்ட் போனதும் பம்ப் நின்றது. பம்ப் நின்றால் மேல்தொட்டித் தண்ணீர், ஏறி வந்த அதே குழாய் வழியாகக் கீழ்த்தொட்டியான சம்ப்புக்குத் திரும்பி இறங்கும். அதைத் தடுக்கக் குழாயின் மேல்பக்கம் சின்ன ஓட்டை போட வேண்டும். காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். போட்டிருந்தேன். அந்த ஓட்டையில் பாசி அடைத்திருந்தது. சம்ப் நிரம்பிப் பதினைந்து லிட்டர் வங்கக் கடல் அம்மாவின் பாய் வரை வந்து நின்றது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அதில் எதையெல்லாம் இணைப்பது என்று முடிவான அன்று நான் ஊரில் இல்லை. வைஃபை இருக்கிறது. தொட்டி இல்லை.

தண்ணீர் அசையாவிட்டால் அதில் போதுமான காற்று கரையாது. சூடான தண்ணீர் பிராணவாயுவைக் குறைவாகத்தான் பிடித்து வைக்கும், உப்புத் தண்ணீர் இன்னும் குறைவாக. போதாததற்கு ஃபில்டரில் குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாவும் அதே காற்றைத்தான் உறிஞ்சுகிறது. அரை மணி நேரத்தில் டாம்ஸல் மூன்றும் மேலே வந்து வாயைத் திறந்து மூட ஆரம்பித்தன. பேட்டரி பம்ப் வாங்க வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். க்ளவுன் மீன் என்னைவிடப் பொறுப்பானது. ஜோடியில் பெரியது பெண். அது செத்தால் ஆணே பெண்ணாக மாறிக் குடும்பத்தை நடத்தும். அவசரகால ஏற்பாட்டை உடம்பிலேயே வைத்திருக்கிறது. என்னிடம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் மக்.

முதல் காரியம் என்றேனே, அது இதுதான்: மக்கில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். மறுபடி மொள்ள வேண்டும். டீ மாஸ்டர் ஆற்றுவாரே, அதேதான். கடலை ஆற்றிக்கொண்டு நின்றேன். கதவு திறந்திருந்தது, வெளிச்சத்துக்குச் செல்போன். இருட்டில் ஒருவன் மீன்தொட்டி முன்னால் மக்கோடு நின்றால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் வாட்ச்மேன் வந்தார். “சார், ஒரு கைப்பிடி கல்லுப்பு போடுங்க. சரியாப் போயிடும்.”

“அண்ணே, இது கடல் தண்ணிதான்.”

“அதான் சார் சொல்றேன். கடல்னா உப்பு வேணும்ல?”

இதற்கு என்ன பதில் சொல்வது? லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் அந்தத் தொட்டியில் ஏற்கெனவே பத்தரைக் கிலோ உப்பு கிடக்கிறது. ஊறுகாய் போடுகிறவர்களே அந்த அளவைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

மாடியிலிருந்து இறங்கி வந்த ரிடையர்டு பெரியவர் விஷயம் தெரிந்தவர். “தம்பி, சும்மா உப்பு போடாதீங்க. அயோடின் கலக்காத உப்பா பாத்துப் போடணும்.” பெங்களூரிலிருந்து மச்சினன் போன் செய்தான். அந்த நேரத்தில் அவனுக்கு யார் தகவல் சொன்னார்கள் என்பதை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். “மாமா, கல்லுப்பு போட்டாச்சா?” அவன் பள்ளிக்கூட நாளில் தங்கமீன் வளர்த்தவன். ஒன்பது நாள் வளர்த்தான். இருட்டில் மாடி தவறி எங்கள் வாசலில் வந்து நின்ற பிரியாணிப் பையன்கூட, பார்சலைக் கையில் வைத்துக்கொண்டே, “அண்ணா, உப்பு போடுங்கண்ணா” என்றான்.

தொண்டை கட்டினால் உப்பு. கால் வீங்கினால் உப்பு. அட்டை ஏறினால் உப்பு. புதுவீடு போனால் முதலில் உப்பு. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தே போனது உப்புக்காக. சரி, நமக்கு அதன் மேல் பாசம் இருக்க வேண்டியதுதான். ஆனால் கல்லுப்பு வேறு, கடல் வேறு. உப்பளத்தில் உப்பு விளைந்ததும் மீதிக் கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். மக்னீசியம் பெரும்பாலும் அதோடு போய்விடும். மீன் கேட்பது போனதையும் சேர்த்து. அதனால்தான் மெரினாவிலிருந்து நாலு கிலோமீட்டரில் குடியிருந்துகொண்டு கடலுப்பை பக்கெட்டில் காசு கொடுத்து வாங்குகிறேன். இதைப் பெரியவருக்கு விளக்கினேன். மொண்டுகொண்டே விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “அப்ப ரெண்டு கைப்பிடி போடலாம்” என்றார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. உப்பும் மிளகாயும் எடுத்து வந்து தொட்டியை மூன்று தரம் சுற்றினாள். அன்றைக்கு நடந்த வைத்தியத்திலேயே உருப்படியானது அதுதான். உப்பு தொட்டிக்கு வெளியிலேயே இருந்தது.

நான் மட்டும் யோக்கியனா என்றால், இல்லை. போன மாதம் பாலத்தடியில் நின்றுபோன ஸ்கூட்டரோடு ஒருவர் வேர்த்து விறுவிறுத்துக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தி, “ரிசர்வ்ல போட்டுப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனேன். அது எலக்ட்ரிக் ஸ்கூட்டர். அவர் பார்த்த பார்வை எனக்கு இப்போதுதான் புரிகிறது.



பன்னிரண்டு மணிக்குக் கை விட்டுப் போனது. மக்கை மகனிடம் கொடுத்துவிட்டுக் கொளத்தூரில் மீன் வாங்கும் கடைக்காரருக்கு போன் போட்டேன். தூக்கத்திலிருந்து எழுந்து முழுக் கதையையும் கேட்டார், நல்ல மனுஷன். பிறகு மெதுவாக, “சார், அந்த உப்பு…” என்றார்.

அவ்வளவுதான். வாட்ச்மேன், பெரியவர், மச்சினன், பிரியாணி என்று எல்லாருக்கும் சேர வேண்டியதை அவர் ஒருவருக்கே கொடுத்தேன். கடைக்காரனுக்குமா தெரியாது, கடல் தண்ணியில் உப்பு போடச் சொல்ல வெட்கமாக இல்லையா, இத்யாதி. போனை வைத்துவிட்டேன்.

இரண்டு நிமிடம் கழித்து அவரிடமிருந்து மெசேஜ்: “போடச் சொல்லல சார். எவ்ளோ இருக்குன்னு அளந்தீங்களா?”

அளந்தேன். தண்ணீரின் ஒப்படர்த்தி 1.025 இருக்க வேண்டிய இடத்தில் 1.029.

தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு எங்கேயும் போகாது. அதனால் தினமும் குறைகிற நாலு லிட்டருக்கு ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். என்னிடம் இரண்டு கேன். இரண்டும் நீலம். பத்து நாளாக நான் ஊற்றிக்கொண்டிருந்தது உப்புக் கலக்கி வைத்திருந்த கேன். அதாவது, ஊரே போடச் சொன்ன உப்பை நான் யாரும் சொல்லாமலே ஒரு கிலோவுக்கு மேல் போட்டு வைத்திருந்தேன்.

மூணேமுக்காலுக்குக் கரண்ட் வந்தது. மீன் எல்லாம் உயிரோடு இருக்கிறது, இறால் உள்பட. உப்பை ஒரேயடியாகக் குறைக்கக் கூடாதென்பதால் ஞாயிறிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நல்ல தண்ணீர் மாற்றினேன், நேற்றுதான் 1.025-க்கு வந்தது. வாட்ச்மேன் நேற்று, “உப்பு போட்டீங்களா சார், நல்லா நீந்துதே” என்றார். ஆமாம் என்றேன்.

கடைக்காரரிடம் மட்டும் இன்னும் பேசவில்லை. மீன் தீனி இரண்டு நாளைக்குத்தான் வரும். கொளத்தூர் பக்கம் போகிறவர் யாராவது இருந்தால் எனக்கும் ஒரு டப்பா வாங்கி வாருங்கள், காசு கொடுத்துவிடுகிறேன். யாருக்கு என்று அவர் கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.