பாஸ் இருந்தால் மலை ஏறலாம்

கேள்வி: இ-பாஸ் வந்ததிலிருந்து கொடைக்கானல் கடைக்காரர்கள் ஈ ஓட்டுகிறார்களாமே! எந்தக் கட்சி காப்பாற்றும்?
(நாயுடுபுரம் வாசகர்)

பதில்: அந்தக் குளிரில் ஓட்ட ஈயாவது கிடைக்கிறதா?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு, வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று கணக்கும் வந்தது. கட்சிக்காரர்களுக்கு இதைவிட நிம்மதி ஏது? யார் மனு கொடுத்தாலும் ‘கோர்ட்டு உத்தரவுங்க’ என்று கையை விரிக்கலாம். ஆனால் மே மாத ஞாயிற்றுக்கிழமை, பிரசவ வலி கண்ட மனைவியோடு நெரிசலில் வத்தலக்குண்டுக்கு இறங்குகிற உள்ளூர்க்காரரைக் கேளுங்கள். ‘வண்டியை இன்னும் குறைங்க சாமி’ என்பார். கடைக்காரருக்கும் இவருக்கும் ஓட்டு ஒன்றுதான், அதுதான் சிக்கல்.

இதே கொடைக்கானலில் கட்டட விதி இளகிய காலமும் உண்டு. பிளசண்ட் ஸ்டே ஹோட்டலின் கூடுதல் மாடிகளுக்கு ஜி.ஓ. போட்டது வழக்காகி, 2000-ல் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு தண்டனை. 2001-ல் மேல்முறையீட்டில் விடுதலை. ஏழு மாடி அப்படி. ஏரிச்சாலையில் சோளம் சுடுகிறவர் தலைக்கு மேல் தார்ப்பாய் கட்டட்டும், அதிகாரிகளுக்கு உடனே கண் தெரிந்துவிடும்!